ஒரு பக்கத்து இஞ்சின்

தராசின் ஒரு தட்டில் எடைக்கல். மறு தட்டில் கருப்பட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. முள் நடுவுக்கு வருவதற்குள் வெள்ளத்துரை அண்ணாச்சி கையை எடுத்துவிடுகிறார். மணி ஒன்பது ஐம்பது. இனிமேல் கவர்னரே வந்து கால் மணங்கு கருப்பட்டி கேட்டாலும் காத்திருக்க வேண்டியதுதான். கல்லாவுக்குப் பின்னால் செருகியிருக்கும் தென்னை ஈர்க்கை உருவிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். அங்கே தரையில் சுண்ணாம்பால் இரண்டு பாதம் வரைந்திருக்கிறது. அவற்றின் மேல் தம் பாதங்களை வைத்து, இடது கண்ணை மூடி, வலது கையை விறைப்பாக நீட்டி, ஈர்க்கைத் தூக்கிப் பிடிக்கிறார். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரியவருக்கு ஏதோ வாதம் என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள்.

"என்னா அண்ணாச்சி, கை மரத்துப் பூட்சா?" என்கிறான் கருப்பட்டிக்குக் காத்து நிற்பவன்.

"பேசாதியும் வே. வருது."

வருவது ஹார்பர் லைன் இஞ்சின். எம்.எஸ்.எம். ரயில் கம்பெனி காலத்துச் சரக்கு இஞ்சின். சதர்ன் ரயில்வே வந்து எஸ்.ஆர். என்று எழுத்து மாற்றி ஐந்து வருஷம் ஆகியும், புது மாப்பிள்ளையின் முகப்பவுடருக்கு அடியில் அம்மைத் தழும்பு தெரிகிற மாதிரி பழைய எழுத்து தெரியும். ராயபுரத்திலிருந்து ஹார்பருக்குள் போய் வரும் இந்த இஞ்சினைத் திருப்பிவிட அங்கே வசதி கிடையாது. காலையில் மூக்கு முன்னால் போகும். மாலை நாலு மணிக்கு, நவாபுக்குச் சலாம் போட்டவன் முதுகு காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வருவதுபோல, பின்பக்கமாகவே திரும்பி வரும். ஆகவே லைனுக்கு மேற்கே இருக்கும் அண்ணாச்சியின் கடைக்கு என்றைக்கும் தெரிவது அதன் இடப்பக்கம் ஒன்றுதான்.

அந்த இடப்பக்கத்தை அவர் அறிந்த அளவுக்குத் தம் சம்சாரத்தின் முகத்தை அறிவாரா என்பது சந்தேகம். நீட்டிய கையில் ஈர்க்கு, அதில் நகத்தால் ஒரு கீறல்: புகைபோக்கியின் உயரம். மறுநாள் இன்னொரு கீறல்: சக்கரத்தின் அகலம். அந்த அளவை இரண்டு மடங்காக்கினால் கடையின் பின்கட்டில் இருக்கும் தகர இஞ்சினின் அளவு. மண்ணெண்ணெய் டின் உடம்பு. பால் டப்பா முகம். சைக்கிள் ஆரக்கால். ஆணி அடித்த மாதிரி தெரிய குண்டூசித் தலை, ஒரு பக்கத்துக்கு நூற்று அறுபத்திரண்டு. யாராவது 'பொம்மை' என்றால் அன்றைக்கு அவர்களுக்குக் கருப்பட்டி கிடையாது. "பொம்மைன்னா புள்ளைக வெளையாடுதது. இது அளவு எடுத்தது வே" என்பார். இஞ்சினின் முதுகில் பளபளவென்று இருக்கும் குமிழ், அவர் சம்சாரம் ஆவுடையம்மாளின் சீர்வரிசை டம்ளர்.

"வீட்டுல வந்தவியளுக்குத் தண்ணி குடுக்க டம்ளர் இல்ல. இஞ்சினுக்குத் தொப்பி இருக்கு" என்று அந்த அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். அண்ணாச்சிக்குக் கேட்காது.

சாயங்காலங்களில் வால்டர் வீட்டு வராந்தாவில் கூடுவார்கள். வால்டர் ரிடையரான மெயில் டிரைவர், சட்டைக்காரர் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ இந்தியர். ஹார்பர் இஞ்சினை ஓட்டும் அப்பாவு புளியந்தோப்பிலிருந்து வருகிறவன். வேலை முடிந்ததும் கரிமுகத்தோடு வந்து உட்காருவான். மூன்றாவது ஆள் அண்ணாச்சி. நாலாவதாக ஓர் ஓரத்தில் நான், அவர்கள் டீக்கும் என் காதுக்கும் பங்கமில்லாமல்.

"இந்த அமெரிக்கா இஞ்சின் இருக்கே மேன், அது இஞ்சின் இல்ல, ஹோட்டல்" என்பார் வால்டர். "எவ்ளோ கரி போட்டாலும் இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா."

"தின்றதுக்கு இழுக்குதுல்ல சார்? நம்ம கெயவி பத்து வேகன் மாட்டுனா மூச்சு வாங்குது" என்பான் அப்பாவு.

"கிழவிங்காத. மூணு சக்கரத்துல அது இழுக்குத இழுப்பு எவனுக்கு வரும்?" என்பார் அண்ணாச்சி.

"ஆறு சக்கரம் மேன்! எத்தினி தபா சொல்றது? இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு."

"நான் பாத்தது மூணு. மத்த மூணும் அந்தப் பக்கத்துக்காரன் கணக்கு."

'அந்தப் பக்கத்துக்காரன்' என்று சொல்லும்போது அண்ணாச்சி வெற்றிலை எச்சிலைத் துப்புவார். லைனுக்குக் கிழக்கே, ஹார்பர் மதிலை ஒட்டிக் கயிற்று மண்டி வைத்திருக்கும் உச்சிமாகாளி அவருடைய சகலை. ஆவுடையம்மாளின் தங்கை தங்கபுஷ்பத்தின் புருஷன். சகலைகள் இருவரும் பேசிப் பதினோரு வருஷம். பங்குத் தகராறு என்று சிலர் சொன்னார்கள். நகைத் தகராறு என்று நானே சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அக்காளும் தங்கையும் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் மீன் மார்க்கெட்டில் சந்தித்து, ஒரு கூடைக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான காரணம் இந்த ஜூலையில்தான் வெளியே வந்தது. ராயபுரம் ஸ்டேஷனுக்கு நூறு வயது ஆகிறது என்று, அக்கம்பக்கத்து ரயில் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பழைய கைவிளக்கு, பழைய டிக்கெட், ஆளாளுக்குச் செய்த மாடல் வண்டிகள். மேஜையில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று தீர்மானிப்பவர் வால்டர். முன்னூறு ரயில்வேக்காரர்கள் வந்து பார்க்கப்போகும் மேஜையில், ரயிலில் ஒரு நாளும் வேலை பார்க்காத கருப்பட்டிக் கடைக்காரரின் இஞ்சின். அண்ணாச்சி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வால்டர் பின்கட்டுக்கு வந்தார். இடப்பக்கத்தை முட்டி போட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு எழுந்து வலப்பக்கம் போனார்.

"இன்னா மேன் இது? பைப் எங்கே?"

"என்ன பைப்பு?"

"பிரேக்குக்குக் காத்து உறிஞ்சற பைப். டிரைவர் நிக்கிற எடத்துலேர்ந்து முன்னாடி புகைபோக்கி வரைக்கும் போவும். ரைட் சைட்ல மட்டும். அது இல்லாம வண்டி நிக்காது மேன், போயிக்கினே இருக்கும்!"

அண்ணாச்சி அப்படியே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வலப்பக்கத்தை இடப்பக்கம் போலவே அடித்து வைத்திருந்தார். மனிதனுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காதுதானே என்ற நியாயம்.

அப்போதுதான் ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். "அந்தக் கொழாய்க்குத்தான சார் இவிய எலையில இருந்து எந்திச்சது."

உலக யுத்தம் முடிந்த வருஷம், காலடிப்பேட்டையில் இவர்கள் மைத்துனன் கல்யாணம். சகலைகள் இருவரும் ஒரே பந்தி. பேச்சு இஞ்சின் பக்கம் போயிருக்கிறது. இஞ்சினின் தோளோடு தடியாக ஒரு குழாய் போகிறது, இரண்டு பக்கமும் போகிறது என்று உச்சிமாகாளி சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கமும் குழாயே கிடையாது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும் என்பதில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. வினையே அதுதான்.

"அண்ணாச்சிக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கு போல" என்று உச்சிமாகாளி சிரித்திருக்கிறார். பாயசம் வரும் நேரம். அண்ணாச்சி இலையை மடிக்காமலே எழுந்தார். "இனி இவன் வீட்டுல நான் கை நனைச்சா என் பேரு வெள்ளத்துரை இல்ல." கல்யாணம் முடிந்த மறுநாளே கடைவாசலில் சுண்ணாம்புப் பாதம் வரைந்தாகிவிட்டது. குழாய் இல்லை என்று நாலு பேருக்குக் காட்டத்தான் இஞ்சின் செய்யவே ஆரம்பித்திருக்கிறார். நகைத் தகராறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை இத்துடன் வாபஸ் வாங்குகிறேன்.

வால்டர் வாசலில் நின்று சொன்னார்: "சண்டே காலைல பத்து மணி. பைப் இல்லாம வந்தா டேபிள்ல ஏத்த மாட்டேன். நான் ஏத்தினாலும் அத்தினி டிரைவரும் சிரிப்பான் மேன், உன்னைப் பாத்து இல்ல, அவளைப் பாத்து." அவள் என்றது இஞ்சினை.

கண்ணால் பார்க்காததைத் தகரத்தில் அடிப்பதில்லை என்று அண்ணாச்சி முதல் தடவையாக அன்றைக்கு விரதம் எடுத்துக்கொண்டார். பார்ப்பது எப்படி? கிழக்கே முழுக்க ஹார்பர் மதில். லைனைத் தாண்டிப் போகும் பாலத்தின் மேல் நின்றால் இஞ்சினின் உச்சந்தலை தெரியும், புகை கண்ணில் போகும். ஹார்பருக்குள் நுழையப் பாஸ் வேண்டும். அப்பாவுவைக் கேட்டார்.

"உள்ள இட்டுகினு போனா என் வேல பூடும் நைனா."

"சரி, வரைஞ்சாவது காட்டு. எத்தன எடத்துல பட்டை புடிச்சிருக்கு? எங்க வளையுது?"

அப்பாவு கரித்துண்டால் சாக்கில் வரைந்தான். புடலங்காய்.

"இன்னா மொறைக்கிற? அத்த நா ஓட்றேன். பொண்ணு பாக்கவா போறேன், மூக்கு இங்க வளையுது காது அங்க வளையுதுன்றதுக்கு?"

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே இடம். லைனுக்குக் கிழக்கே, மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும் ஒரே மொட்டைமாடி. கயிற்று மண்டியின் மாடி. இந்த விஷயம் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே தங்கபுஷ்பம் மாடிப்படியைக் கழுவிவிட்டாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணாச்சி கடையைப் பாதி சாத்தினார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். பாலம் ஏறி இறங்கினோம். மண்டி வாசலில் உச்சிமாகாளி ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் குட்டை. அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"வந்திருக்கவியளுக்குப் படி கழுவி விட்டிருக்கு, வழுக்கும்னு சொல்லுங்க."

அண்ணாச்சியும் என்னைத்தான் பார்த்தார். "பனை ஏறுன வம்சத்துக்குப் படி வழுக்காதுன்னு சொல்லும்."

"கைப்பிடி இல்லன்னு சொல்லுங்க."

"கை இருக்குன்னு சொல்லும்."

நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

மாடியில் போய் நின்றோம். நாலு அடி தள்ளி உச்சிமாகாளியும் வந்து நின்றுகொண்டார், காயப்போட்ட கயிற்றை எண்ணுகிறவர் மாதிரி. சரியாக ஒன்பது ஐம்பதுக்கு இஞ்சின் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்த அப்பாவு தலையை வெளியே நீட்டினான். இந்தப் பக்கத்து மாடியில் அண்ணாச்சியைக் கண்டதும் வாய் பிளந்தான்.

"நைனா! இன்னா நீ இங்க? சூரியன் மேற்கால மொளச்சிட்சா?"

சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. விசிலை இழுத்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் நீராவியை வெளியே விடும் திருகையும் திறந்துவிட்டான். மரியாதை செய்கிறானாம். புஸ்ஸென்று கிளம்பிய ஆவியில் இஞ்சினையே காணோம். ஒரு வெள்ளை மேகம் மட்டும் கடகடவென்று ஹார்பருக்குள் போயிற்று.

"கெடுத்தானே படுபாவி!" என்று அண்ணாச்சி ஈர்க்கை ஒடித்தார்.

உச்சிமாகாளி கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு மணிக்குத் திரும்பி வரும்னு சொல்லுங்க."

வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி வந்திருக்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டு தடவை அந்தப் படி ஏறினால் ஊர் இரண்டு தடவை சிரிக்கும். அண்ணாச்சி தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் கையகல நிழலில் உட்கார்ந்துவிட்டார். மணி பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. தளம் கொதித்தது. எனக்கு எதிரே உச்சிமாகாளியும் இறங்கவில்லை. சொந்த மாடியில் சகலையைத் தனியாக விட்டுப் போனால் தோற்ற மாதிரி ஆகும் என்று நினைத்திருப்பார்.

ஒன்றரைக்குத் தங்கபுஷ்பம் தட்டோடு வந்தாள். சோறு, சாளைமீன் குழம்பு. வாசனை முதலில் வந்தது.

"அத்தான், சாப்பிடுங்க."

"வேண்டாந் தாயி. சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு."

"என்ன சொன்னிய? இவுக வீட்டுல கை நனைக்க மாட்டேன்னுதான சொன்னிய?"

"ஆமா."

தங்கபுஷ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கரண்டியை எடுத்தாள். பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றும் சின்னக் கரண்டி. தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"கை நனையாது. சாப்பிடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஹார்பரில் நின்ற ஒரு கப்பலைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய கப்பல்!

கரண்டியால் சாப்பிட்டு அந்த மனிதருக்குப் பழக்கமே கிடையாது. சோறு மூக்குக்குப் போனது, மீசைக்குப் போனது, வழி தவறிப் போய் கடைசியில் வாய்க்கு வந்தது. குழம்பு சட்டையில் ஒரு கோடு இழுத்தது. கை நனைந்துவிடக் கூடாதே என்று கரண்டியின் வாலை இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டிருந்தார். மீனைக் கரண்டியால் பிய்க்கப் பார்த்தார். அது தட்டைச் சுற்றி ஓடியது. விரட்டிப் பிடித்து முழுசாக வாய்க்குக் கொண்டு போனார்.

"அண்ணாச்சி, முள்ளு!"

உச்சிமாகாளி. என்னிடம் சொல்லவில்லை.

"தெரியுது" என்றார் அண்ணாச்சி. அவரும் என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு பேரும் சூடு பட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டார்கள். பிறகு, "மோர் வேணுமான்னு கேளுங்க" என்று வழக்கம்போல எனக்குத் தபால் வந்தது.

நாலு மணிக்கு இஞ்சின் பின்பக்கமாக வந்தது. இந்தத் தடவை அப்பாவு பயந்து போய் எதையும் திறக்கவில்லை, விசில்கூட ஊதவில்லை. வெயில் மேற்கே சாய்ந்திருந்ததால் வலப்பக்கம் நிழலில் இருந்தது. ஆனாலும் தெளிவாகத் தெரிந்தது. டிரைவர் நிற்கும் இடத்திலிருந்து கிளம்பி, தோளோடு நேராகப் போய், புகைபோக்கிக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து உள்ளே இறங்கும் தடிக்குழாய். ஐந்து இடத்தில் பட்டை. அண்ணாச்சியின் ஈர்க்குக் கணக்கு இந்த உயரத்திலிருந்து செல்லாது. ஆகவே சக்கரத்தை அளவாக வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். இஞ்சின் பாலத்துக்கு அடியில் மறைந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பக்கமும்னு சொன்னவிய, எந்தப் பக்கத்தப் பாத்துச் சொன்னாவளாம்?"

"இந்தப் பக்கத்தத்தான்னு சொல்லுங்க" என்றார் உச்சிமாகாளி. அப்புறம், "அந்தப் பக்கம் நெசமாவே இல்லையான்னு கேளுங்க" என்றார்.

"இல்லன்னு சொல்லும். நாளைக்கு வந்து பாத்துக்கிடச் சொல்லும்."

வீட்டுக்குப் போனதும் அண்ணாச்சி அடுப்பங்கரையில் நுழைந்து பம்பு ஸ்டவ்வின் செம்புக் குழாயைக் கழற்றினார். ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாத சாமான் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துக்கு ஐந்து நிமிஷம். ஹாலில் கூட்டம். சாக்கில் சுற்றிய இஞ்சினைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு அண்ணாச்சி வந்தார். வால்டர் சாக்கை விலக்கி வலப்பக்கத்தை மட்டும் பார்த்தார். செம்புக் குழாயைச் சுண்டு விரலால் தடவி, பட்டைகளை எண்ணினார். "அஞ்சு. கரெக்ட் மேன்" என்றார். பிறகு மேஜையைக் காட்டினார். மேஜை சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது.

"எடம் இல்ல, அதான் சுவத்தோட. ஒரு பக்கம்தான் வெளிய தெரியும். எந்த சைட்னு நீயே வெச்சுக்கோ."

ஒரு பக்கம் பதினோரு வருஷத்து வேலை. ஒவ்வொரு குண்டூசித் தலையும் ஈர்க்கில் அளந்து அடித்தது. மறு பக்கம் நேற்றுச் சாயங்காலம் ஒட்டிய ஸ்டவ் குழாய். ஈயப்பற்று இன்னும் கறுக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். "இன்னா நைனா, வெய்யி, பாப்பம்" என்றான் அப்பாவு. எல்லோருக்கும் பின்னால், ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, உச்சிமாகாளி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டை ஆள், தெரிந்திருக்காது.

வெள்ளத்துரை அண்ணாச்சி இஞ்சினை மேஜைமேல் வைத்தார். அதன் இடப்பக்கத்தைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கி வாசல் வரைக்கும் வழிவிட்டு நின்றார்.